கீழ் இலை கிள்ளிய மழைக்காலம்

அந்த வருஷங்களை நினைத்தால் எனக்கு முதலில் இடுப்பு வலிதான் ஞாபகத்துக்கு வருகிறது. கத்தரிக்குக் கொஞ்சம் குனிந்தால் போதும். வெண்டையை நின்றுகொண்டே பறிக்கலாம். தக்காளி அப்படியில்லை. அதன் சங்கதி எல்லாம் தரையை ஒட்டித்தான் நடக்கும். குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் சேலையெல்லாம் சேறு, குனிந்து நின்றால் இடுப்பு போய்விடும். இரண்டில் ஒன்றைக் கொடுத்தால்தான் பழம் கிடைக்கும்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே லயன் வீடுகளில் இருந்தோம். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள். வீட்டுக்கு ஓர் அறை, பின்னால் அடுப்படி, அதற்கும் பின்னால் விறகு போட்டுவைக்க ஒரு சாய்ப்பு. என் வீட்டுக்காரர் எஞ்சினில் கரி அள்ளிப் போடும் வேலையில் இருந்தார். கிள்ளானுக்கும் அதைத் தாண்டித் துறைமுகத்துக்கும் ஓடுகிற வண்டிகள். வீட்டில் அவர், அவருடைய அம்மா, நான் என்று மூன்றே பேர். நாலாவது ஆள் வரவில்லை என்பதுதான் அந்த வீட்டின் பேச்சு. கல்யாணமாகி வருஷங்கள் போய்க்கொண்டிருந்தன, என் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை.

மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே எழுதிவிடுகிறேன். அத்தை கெட்டவர் இல்லை. கையும் காலும் சும்மா இருக்காத மனுஷி. ஆனால் மனதில் ஒன்று விழுந்துவிட்டால் அதை நாள் முழுக்க அரைத்துக்கொண்டே இருப்பார். அரைபடுவது பெரும்பாலும் நானாக இருந்தேன்.

ரப்பர் விலை விழுந்து கிடந்த காலம் அது. தோட்டங்களில் ஆட்களை நிறுத்திவிட்டார்கள். ரயிலிலும் வேலையைக் குறைத்தார்கள். என் வீட்டுக்காரருக்கு வாரத்தில் பாதி நாள் வேலை, மீதி நாள் வாசற்படியில் உட்கார்ந்து பீடி. வேலை இல்லாதவர்களைச் சர்க்கார் செலவிலேயே கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அத்தைக்கு அந்தக் கப்பல் மேல் ஒரு கண். ஊரில் அவருடைய தம்பிக்குக் கல்யாண வயதில் ஒரு மகள் இருந்தாள்.

"இங்க கரி அள்ளினது போதும்டா. பேரக் குடுத்துட்டு வா, போயிடலாம். அங்க பொண்ணு காத்துக்கிட்டிருக்கு," என்பார் மகனிடம். நான் என் வீட்டுக்காரருக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போதே சொல்வார்.

என்னை என்ன செய்வதாக உத்தேசம் என்று அத்தை சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. கிள்ளானில் நாத்தனார் வீடு இருந்தது. அங்கே வேலைக்கு ஒரு கை வேண்டும் என்று என்னை விட்டுவிட்டுப் போவார்கள் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் எதற்கும் பதில் சொல்லமாட்டார். தட்டைப் பார்த்துச் சாப்பிட்டு எழுந்துவிடுவார். அந்த மௌனம் எனக்குச் சாதகமா பாதகமா என்று தெரியாமலே நான் களைத்துப்போயிருந்தேன்.

லயனுக்குப் பின்னால் ரயில் வேலி வரைக்கும் ஒரு துண்டு நிலம் சும்மா கிடந்தது. வேலை குறைந்த பிறகு ஆளாளுக்கு ஒரு பாத்தி போட்டுக்கொண்டார்கள், யாரும் தடுக்கவில்லை. நான் தக்காளி வைத்தேன். பாசார் சந்தையில் வாங்கிய பழம் ஒன்றைப் பிசைந்து, விதையைச் சாம்பலில் புரட்டிக் காயவைத்து, நானே நாற்று விட்டேன். எஞ்சின் சாம்பலைச் சலித்து மண்ணில் கலந்தேன். மூங்கில் குச்சி ஊன்றிக் கட்டினேன். செடி என்னமோ தளதளவென்று வந்தது. பிறகு மழை வந்தது.

இந்த ஊர் மழையைப் பற்றித் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மத்தியானம் வரை வெயில் கொளுத்தும், அப்புறம் வானமே இடிந்துவிட்டது போலக் கொட்டும். தரையில் விழுகிற துளி மண்ணை வாரித் திருப்பி அடிக்கும். தக்காளியின் கீழ் இலைகள் மண்ணைத் தொட்டுக்கொண்டு கிடக்கும் அல்லவா? அவற்றில் முதலில் பழுப்பாகப் புள்ளி விழும். புள்ளி வட்டமாகப் பெரிதாகும், இலை மஞ்சளாகும். அடுத்த மழைக்கு அது மேல் இலைக்கு ஏறும். உச்சிக்குப் போய்விட்டால் அவ்வளவுதான், பூ கருகும், பிஞ்சு உதிரும்.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. முதல் தடவை செடி மஞ்சளானபோது நான் பாத்திப் பக்கமே போகக்கூடாத நாளில் இருந்தேன்.

மாதத்தில் அந்த நாட்கள் வந்துவிட்டால் நான் விறகுச் சாய்ப்பில் ஒதுங்க வேண்டும். அடுப்பைத் தொடக்கூடாது, தண்ணீர்ப் பானையைத் தொடக்கூடாது, செடி கொடி பக்கம் நிழல்கூட விழக்கூடாது. தீட்டு பட்டால் பச்சை கருகிவிடும் என்பது லயனில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம், சூரியன் கிழக்கே உதிப்பது போல. எனக்கும் அதில் சந்தேகம் இருந்ததில்லை. சாய்ப்புக்கு முன்பக்கம் தட்டி கிடையாது. பொதுக் குழாய்க்குப் போகிறவர்கள் எல்லாரும் அதைக் கடந்துதான் போக வேண்டும். நான் அங்கே சாக்கை விரித்து உட்கார்ந்தால், இந்த மாதமும் ஒன்றுமில்லை என்று லயனுக்கே தண்டோரா போட்ட மாதிரி. பக்கத்து வீட்டு அக்கா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து உச்சுக் கொட்டிவிட்டுப் போவாள். லயனில் இருக்கிற அத்தனை பெண்களின் நாட்களும் அந்த அக்காவுக்கு மனப்பாடம்.

நான் தலைமுழுகிவிட்டு வெளியே வருவதற்குள் மழை தன் வேலையை முடித்திருந்தது. பாத்தி முழுக்கச் சருகு.

"இவ சாய்ப்புலேருந்து பார்த்துக்கிட்டே இருந்தா. செடி எப்படிப் பொழைக்கும்?" என்றார் அத்தை.

அந்தச் சருகுக்குள்ளே ஓர் ஓரத்தில் மட்டும் சில செடிகள் பச்சையாக நின்றன. நான் அவற்றையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலியை ஒட்டிய செடிகள் அவை. பக்கத்து வீட்டுக் கோழிகள் வேலிச் சந்தில் புகுந்து, எட்டிய உயரத்துக்கு இலைகளைக் கொத்திப் பிய்த்துவிட்டிருந்தன. அந்த அக்காவோடு அதற்காக நான் சண்டையே போட்டிருந்தேன். இப்போது பார்த்தால் கோழி மொட்டையடித்த செடிகள்தான் காய்த்திருக்கின்றன. கீழே வெறும் தண்டு, மேலே நல்ல இலை, நடுவில் கொத்துக் கொத்தாகக் காய். மண் தெறித்தாலும் ஒட்டிக்கொள்ள அங்கே இலை இல்லை. அவ்வளவுதான் ரகசியம். கோழிக்கு நன்றி சொல்லவும் முடியாது, அந்த அக்காவிடம் சொல்லவும் மனம் வரவில்லை.

அடுத்த முறை நாற்று நட்டபோது நானே கோழி ஆனேன். செடி முழங்கால் உயரம் வந்ததும் கீழே தரையைத் தொடுகிற இலைகளைக் கிள்ளிவிட்டேன். முதல் கொத்து பிஞ்சு பிடித்ததும் அதற்குக் கீழே உள்ளவற்றையும் எடுத்தேன். ஈரத்தில் எடுக்கக்கூடாது, வெயில் ஏறி இலை காய்ந்த பிறகுதான். இலைக்காம்பைக் கீழே இழுத்தால் தண்டின் தோல் உரிந்து வந்துவிடும். மேலே தூக்கி ஒடித்தால் சுத்தமாக வரும். கிள்ளிய இலையைப் பாத்தியிலேயே போட்டால் வேலை வீண், கூடையில் அள்ளிக்கொண்டு போய் எரித்துவிட வேண்டும். ஆசைப்பட்டு அதிகமாகவும் எடுக்கக்கூடாது. ஒரு செடியில் மேலே வரைக்கும் மொட்டையடித்துப் பார்த்தேன், காயெல்லாம் வெயிலில் வெந்து வெள்ளை வெள்ளையாகக் கொப்புளித்துவிட்டது.

கையெல்லாம் பச்சைக் கறை பிடிக்கும். தண்ணீர் பட்டால் அது மஞ்சளாக ஓடும், ஆனால் போகாது. சோற்றைப் பிசைந்தால் தக்காளி இலை வாசம்தான் வரும்.

"பச்சை இலையை யாராச்சும் பிடுங்குவாங்களா? வயித்துல புள்ள இருக்கிறவளைப் பட்டினி போட்ட மாதிரி," என்று அத்தை திட்டினார். அவருக்கு எந்த விஷயமும் அந்த ஒரு இடத்தில்தான் வந்து முடியும்.

இந்த நேரத்தில்தான் கிள்ளானில் நாத்தனாருக்குப் பிரசவம் நெருங்கியது. அத்தை மூட்டை கட்டிக்கொண்டு ரயிலேறினார். குழந்தைக்கும் தாய்க்கும் பார்த்துவிட்டு வர நாளாகும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போன கொஞ்ச நாளிலேயே மழையும் வந்தது, எனக்கு அந்த நாளும் வந்தது.

நான் சாக்கைக் கையில் எடுத்துக்கொண்டு சாய்ப்பு வாசலில் நின்றேன். நான் உட்கார்ந்துவிட்டால் யார் சமைப்பது? வேலைக்குப் போகிற மனுஷனுக்கு யார் சோறு கட்டித் தருவது? அதைக்கூட விடலாம், கடையில் சாப்பிட்டுக்கொள்வார். அந்த இடத்திலிருந்து பார்த்தால் பாத்தி தெரிந்தது. கீழ் இலைகளில் புள்ளி விழ ஆரம்பித்திருந்தது. இன்றைக்கு வெயில் இருக்கிறது, இன்றைக்கே எடுத்தால் பிழைக்கும். தலைமுழுகும் வரை காத்திருந்தால் போன தடவை கதைதான். எனக்குச் சலிப்பாக இருந்தது. பயம் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. ஆனால் பயத்தைவிடச் சலிப்பு பெரிதாக இருந்தது. கருகினால் கருகட்டும், எப்படியும் கருகத்தானே போகிறது என்று சாக்கை விறகின் மேல் போட்டுவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

கருகவில்லை. அந்த வாரம் முழுக்க நான் தினமும் போய்ப் பார்த்தேன். செடி என்னை ஒன்றும் கேட்கவில்லை. நான் கிள்ளிய இடத்துக்கு மேலே புதுக் கொத்து வைத்தது. ஒரு செடிக்கு முன்னால் உட்கார்ந்து எனக்கு அழுகை வந்தது. இத்தனை வருஷமும் எந்தச் செடிக்குப் பயந்து அந்தச் சாக்கில் உட்கார்ந்திருந்தேனோ என்று இருந்தது.

மழைக்காலம் என்பதால் துணியெல்லாம் அடுப்படிக்குள்ளேயே காய்ந்தது. சாய்ப்பு காலியாகக் கிடந்தது. அடுத்த மாதமும் அதே கதை. அத்தை கிள்ளானிலேயே இருந்தார், நான் பாத்தியிலேயே இருந்தேன். நான் சாய்ப்பில் உட்காராததை லயனில் ஒருத்தி மட்டும் கணக்கு வைத்துக்கொண்டிருந்தாள் என்பது என் மண்டைக்கு ஏறவே இல்லை.

அத்தை திரும்பி வந்த அன்று வீட்டுக்குள் நுழையும் முன்பே பக்கத்து வீட்டு அக்கா வாசலில் பிடித்துக்கொண்டாள்.

"பெரியம்மா, உங்க மருமக சாய்ப்புல உட்கார்ந்து எம்புட்டு நாளாச்சு தெரியுமா? நீங்க போனதுலேருந்து ஒதுங்கவே இல்லலா. முகத்துலயும் ஒரு களை வந்திருக்கு, பாருங்க."

நான் அப்போது பின்பக்கம் இருந்து கையில் இலைக் கூடையோடு வந்தேன். அத்தை என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார். பச்சைக் கறை. தீட்டு நாள் கணக்குப்படி நான் பாத்தியைத் தொடக்கூடாத நாள் அது. தொட்டிருக்கிறேன் என்றால் தீட்டு இல்லை என்று அர்த்தம். அத்தைக்கு வேறு எந்த அர்த்தமும் தோன்றவில்லை. அப்படி ஒருத்தி தீட்டோடு செடியைத் தொடுவாள் என்பது அவர் கற்பனைக்கே எட்டாத காரியம். மூட்டையைக் கீழே போட்டுவிட்டு என் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

இல்லை அத்தை என்று அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும்தான். வாயைத் திறந்தேன். என் கல்யாணத்துக்குப் பிறகு அத்தை என்னைத் தொட்டது அன்றுதான். வாய் மூடிக்கொண்டது.

என் வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்ததும் தனியாகக் கேட்டார். "அம்மா சொல்றது நெசமா?"

"இல்லைங்க. செடிக்காகத்தான் ஒதுங்கல."

அவர் கரி படிந்த கழுத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே நின்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"இந்தக் கடைசிக் கப்பல் போகட்டும். அதுக்கப்புறம் சொல்லிக்கலாம்," என்றார்.

இத்தனை நாள் தட்டைப் பார்த்துச் சாப்பிட்ட மனுஷன் மனதில் என்ன இருந்தது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அவருக்கும் போக விருப்பமில்லை. அம்மாவிடம் மாட்டேன் என்று சொல்லும் தெம்புதான் இல்லை. எனக்கு அவர் மேல் கோபமும் வந்தது, பிரியமும் வந்தது. எது முதலில் வந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

அப்புறம் நடந்ததெல்லாம் எனக்குப் பழக்கமில்லாத சுகம். அத்தை என்னைக் குடம் தூக்கவிடவில்லை. அவரே குழாயடிக்குப் போனார், அவரே அரைத்தார், அவரே துவைத்தார். பாசாரிலிருந்து உப்பில் போட்ட புளிப்புப் பழம் வாங்கி வந்து வாயில் திணித்தார். கப்பல் பேச்சையே எடுக்கவில்லை. எனக்கோ உட்கார உட்கார உடம்பு இன்னும் ஓய்ந்துபோனது. பொய்யைச் சுமப்பதைவிடத் தண்ணீர்க் குடம் சுமப்பது எவ்வளவோ மேல்.

பாத்திக்குப் போவதை மட்டும் அத்தை தடுக்கவில்லை. ஏனென்றால் தக்காளி அப்படிக் காய்த்தது. ஒவ்வொரு செடியும் பாரம் தாங்காமல் மூங்கிலில் சாய்ந்து நின்றது. கீழ் இலை எடுத்ததனால்தான் என்று நான் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"புள்ளைத்தாச்சி கை பட்டா ஏன் காய்க்காது?" என்று அத்தை லயன் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அவ்வளவுதான், ஒவ்வொருத்தியாக வந்து என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். எங்க செடியையும் கொஞ்சம் தொட்டுவிட்டு வா, எங்க பாத்திக்கும் ஒரு நடை வா. முதலில் கேட்டது பக்கத்து வீட்டு அக்காதான். சும்மா தொட்டுவிட்டு வர எனக்கு மனம் வரவில்லை. குனிந்து அவள் செடிகளின் கீழ் இலைகளையெல்லாம் கிள்ளிவிட்டு வந்தேன். மறு மாதம் அந்த நாள் மறுபடி வந்தது. அத்தை எழுவதற்கு முன்பே துணியை நானே அலசி விறகுக்குப் பின்னால் மறைத்துக் காயவைத்தேன். அன்றைக்கும் கூப்பிட்டார்கள், அன்றைக்கும் போனேன். அடிவயிறு வலிக்க வலிக்கப் பாத்தி பாத்தியாகக் குனிந்தேன். சடங்கு செய்கிற மாதிரி பெண்கள் கைகட்டி நின்று பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, எங்காவது போய்ப் படுத்துத் தூங்கிவிடலாம் போலவும் இருந்தது. அவர்கள் செடிகளும் காய்த்தன.

கப்பலுக்குப் பேர் கொடுக்கக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். என்னால் முடியவில்லை. ஒரு மத்தியானம், மழை விட்டிருந்த நேரம், அத்தை இரண்டு கையிலும் வாளியோடு குழாயடியிலிருந்து வந்தார். நான் பாத்தியில் இருந்தேன். சேற்றில் கால் வழுக்கி அத்தை அப்படியே உட்கார்ந்துவிட்டார். வாளி உருண்டது. நான் ஓடிப் போய்த் தூக்கினேன். வலியில் முகம் சுருங்கியிருந்தது. ஆனால் சிரித்தார்.

"ஒண்ணுமில்லம்மா. பேரப்புள்ளைக்குத்தானே சுமக்கறேன்," என்றார்.

அந்தச் சிரிப்பு என்னால் தாங்கமுடியாததாக இருந்தது. என்னைத் திட்டிக்கொண்டே இருந்திருந்தால் நான் இன்னும் ஒரு வருஷம்கூடப் பொய்யோடு இருந்திருப்பேன்.

"அத்தை, ஒண்ணும் இல்லை. எனக்கு ஒரு மாசமும் தள்ளிப்போகலை," என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னேன். சாய்ப்பில் ஏன் உட்காரவில்லை என்பதையும், இலையில் புள்ளி விழுந்ததையும் சொன்னேன். அத்தை என்னைப் பார்த்தார், பிறகு செடிகளைப் பார்த்தார். சிவந்தும் சிவக்காமலும் அத்தனை காய்.

"தீட்டோடயா தொட்டே?"

"ஆமா அத்தை."

"எல்லார் வீட்டுச் செடியையுமா?"

"ஆமா."

அடிப்பார், செடியை வேரோடு பிடுங்கி எறிவார், நேராகப் போய்ப் பேரைக் கொடுத்துவிட்டு வருவார் என்று எல்லாவற்றுக்கும் தயாராக நின்றேன். அத்தை வரப்பில் அப்படியே உட்கார்ந்தார். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். அது கோபத்தில் வந்த அழுகை இல்லை. சாவு வீட்டில் அழுவார்களே, அப்படி முதுகு குலுங்க அழுதார். அந்தக் குழந்தை அவருக்கு இருந்தது. அதற்கு அவர் தண்ணீர் சுமந்தார், புளிப்புப் பழம் வாங்கினார். நான் வாயைத் திறந்து அதைக் கொன்றுவிட்டேன். 

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தாள். "என்ன பெரியம்மா? என்னாச்சு? ஏன் இப்படி அழுவுறீங்க?"

இனி எல்லாம் வெளியே வரப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"கலைஞ்சு போச்சும்மா," என்றார் அத்தை. முகத்தைத் திருப்பாமலே சொன்னார்.

அந்த அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். ஓடி வந்து என்னைத் தோளோடு அணைத்துக்கொண்டாள். மாதா மாதம் என்னைப் பார்த்து உச்சுக் கொட்டியவள், "அழாதீங்க பெரியம்மா. ஒரு தடவை தங்கின வயிறு மறுபடியும் தங்கும்," என்று அத்தைக்குத் தேறுதல் சொன்னாள். அத்தை தலையை ஆட்டினார். ஆட்டாமல் என்ன செய்வார்?

பொழுது சாய்வதற்குள் லயன் முழுக்கச் செய்தி போய்விட்டது. யார் வந்தாலும் அதே வார்த்தை, தங்குகிற வயிறுதான், தங்கும். ஒருத்திகூட மலடி என்ற சொல்லை அதற்குப் பிறகு என் காதுபடச் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் வந்து விஷயத்தைக் கேட்டதும் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இவ இப்படிக் கெடக்கறப்ப விட்டுட்டு எப்படிம்மா வர்றது?" என்று மட்டும் அத்தையிடம் கேட்டார்.  கப்பல் எங்கள் பேர் இல்லாமலே போனது.

அத்தை அந்த வார்த்தையை ஏன் சொன்னார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஊரெல்லாம் பெருமை பேசிவிட்டு இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்திருக்கலாம். தீட்டுக் கை பட்ட தக்காளியை லயனே சாப்பிட்டுவிட்டதே என்ற பயமாக இருந்திருக்கலாம். என் மேல் இரக்கம் என்று நினைத்துக்கொள்ள எனக்கு ஆசைதான். கேட்டதில்லை. கேட்டிருந்தால் அத்தை எதையாவது சொல்லித் திட்டியிருப்பார்.

சொன்னதைச் சொன்னபடி நடத்தினார் என்பதுதான் ஆச்சரியம். கலைந்தவளுக்கு என்னென்ன உண்டோ எல்லாம் எனக்கு உண்டு. என்னைச் சாய்ப்பில் படுக்கவைத்தார். பூண்டும் மிளகும் அரைத்த குழம்பும் சூடு சோறும் வந்தன. நல்லெண்ணெய் காய்ச்சி இடுப்பில் தேய்த்தார். சாட்சிக்கு யாரும் இல்லாத நேரத்திலும் அவர் அதை நிறுத்தவில்லை. நான் வேண்டாம் என்றபோது, "சும்மா கெட. உடம்பு தேறணும்," என்றார். இருவருக்கும் உண்மை தெரியும். இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

மழை வந்தபோது நான் படுத்திருந்த இடத்திலிருந்து பாத்தி தெரிந்தது. மறுநாள் வெயில் ஏறியதும் அத்தை கூடையை எடுத்துக்கொண்டு இறங்கினார். குனிய முடியாமல் குனிந்தார். விழுந்த இடம் அவருக்கு இன்னும் வலித்துக்கொண்டிருந்தது.

"எது வரைக்கும் எடுக்கறது?" என்று அங்கிருந்தே கத்தினார்.

"பிஞ்சுக் கொத்துக்குக் கீழ மட்டும் அத்தை. மேல தூக்கி ஒடிங்க, கீழ இழுக்காதீங்க."

"எனக்குத் தெரியாதாக்கும்," என்று முணுமுணுத்துக்கொண்டே ஒடித்தார். கண்ணை மூடியபடி நான் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். அப்படித் தூங்கிப்போனேன்.

பிறகும் எங்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. வேலை மெல்லத் திரும்பி வந்தது. அத்தையின் தம்பி மகளுக்கு ஊரிலேயே கல்யாணமாகிவிட்டதாகச் செய்தி வந்தது.  நான் மாதா மாதம் பழையபடி சாய்ப்பில் ஒதுங்கினேன், அந்த நாட்களில் அத்தை பாத்தியைப் பார்த்துக்கொண்டார். அத்தையோடு சண்டை இல்லாமல் போனது என்று சொல்லமாட்டேன், உப்புக்கும் புளிக்கும் தினமும் சண்டைதான். இருந்தும் என்னைப் பிள்ளை இல்லாதவள் என்று யாராவது சொன்னால் அத்தைதான் முதலில் சண்டைக்குப் போவார். "இவளுக்குத் தங்கி, கலைஞ்சதுங்கறது உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்பார். அதைக் கேட்கிறபோது அவர் குரலில் பொய்யின் சாயலே இருக்காது.

சில வருஷம் கழித்து ஒரு காலை, நானும் அத்தையும் வீட்டு வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். லயன் பிள்ளைகள் சில, தலையில் எண்ணெய் வழிய, சிலேட்டைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடின. அத்தை கீரையை விட்டுவிட்டு அவர்கள் வளைவில் திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருந்திருந்தா இந்த வருஷம் அதுவும் இவங்களோட போயிருக்கும்," என்றார்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைச் சோதிக்கவில்லை, குத்திக்காட்டவும் இல்லை. நிஜமாகவே வயதைக் கணக்குப் போட்டுத்தான் சொன்னார். எது இருந்திருந்தால் அத்தை என்று நான் கேட்டிருக்கலாம். எனக்குக் களைப்பாக இருந்தது. அதோடு, அவர் சொன்ன கணக்கு சரி. நானும் அதைப் பலமுறை போட்டுப் பார்த்திருந்தேன்.

"பையனா இருந்திருக்கும்," என்றார் அத்தை.

"பொண்ணுதான் அத்தை," என்றேன்.